பம்பரில் யார் போட்டதென்று தெரியாத கீறல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலையில் காரை எடுக்கப் போனால் பம்பரில் ஒரு கீறல். நேற்று இருந்ததா? தெரியாது. யார் போட்டது? அதுவும் தெரியாது. நான் பெயின்டரும் இல்லை, மெக்கானிக்கும் இல்லை. மட்டக்களப்பு, கல்லடியில் ஒரு பழைய வெள்ளைக் காரை பதினொரு வருடமாக ஓட்டுகிறேன், அவ்வளவுதான். இதுவரை மூன்று முறை இப்படி விழித்து நின்றிருக்கிறேன். அந்த அனுபவத்தையும், கராஜில் மணிக்கணக்காக நின்று வேடிக்கை பார்த்ததில் கற்றதையும், சொந்தக்காரரும் அயலவரும் என்னிடம் கேட்ட கேள்விகளின் வரிசையிலேயே எழுதியிருக்கிறேன்.

கீறலைக் கண்டதும் முதலில் என்ன செய்வது?

தேய்க்காதீர்கள். எச்சில் தொட்டு விரலால் தேய்ப்பதுதான் எல்லோருக்கும் முதலில் வரும் பழக்கம். அதில்தான் பாதித் தடயம் போய்விடுகிறது. கழுவவும் வேண்டாம். முதலில் போனில் படம் எடுங்கள்: காரின் முழு மூலையும் தெரிய ஒன்று, கீறலுக்குப் பக்கத்தில் அடிமட்டமோ அளவு நாடாவோ பிடித்து ஒன்று, டோர்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்து ஒன்று. நேராக அடிக்கும் வெளிச்சத்தில் தெரியாத சிறு கோடுகள் சாய்ந்த வெளிச்சத்தில் எழுந்து நிற்கும்.

கீறலுக்குள் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். ஓரத்தில் மாவு போல வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தால் அது புதிது. உள்ளே கறுத்த அழுக்கு இறுகியிருந்தால் பல நாள் பழையது, நீங்கள் இன்றைக்குத்தான் கண்டிருக்கிறீர்கள். “நேற்று ராத்திரி யாரோ கீறிவிட்டான்” என்று என்னிடம் வந்த இரண்டு பேரின் காரில் கீறல் போன மாரியின் சேற்றோடு இருந்தது.

கீறலைப் பார்த்தே யார் செய்தது என்று சொல்ல முடியுமா?

ஆளைச் சொல்ல முடியாது. பொருளைச் சொல்லலாம், பல தடவை. நாலு விஷயம் பார்க்க வேண்டும்: நிலத்திலிருந்து உயரம், கோட்டின் வடிவம், அது போன திசை, ஒட்டியிருக்கும் நிறம். இதில் உயரம்தான் ராஜா. நிறம் ஏமாற்றும்.

என் இரண்டாவது கீறலைச் சொல்கிறேன். முன் பம்பரின் இடது மூலையில் பச்சை நிறம் ஒட்டிய கீறல். ஒவ்வொரு காலையும் எங்கள் ஒழுங்கைக்குள் பாண் ஓட்டோ ஒன்று பாட்டுப் போட்டுக்கொண்டு வந்து எங்கள் வாசலில் திரும்பும். அதன் பக்கத்தில் பச்சைப் பட்டி அடித்திருக்கும். எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. அடுத்த நாள் அந்தத் தம்பியை மறித்துக் கேட்டேன். அவன் பாணைக் கையில் வைத்துக்கொண்டே, “ஐயா, நான் எப்ப உங்கட கேற்றுக்குள்ள வந்த?” என்றான். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. கார் நின்றது உள்ளேதான்.

அப்புறம்தான் அளவு நாடாவை எடுத்தேன். கீறல் நிலத்திலிருந்து 43 சென்ரிமீற்றர். ஓட்டோவின் பச்சைப் பட்டி அதைவிட ஒரு சாண் மேலே. டோர்ச் அடித்துப் பார்த்தால் அது ஒரு கோடே இல்லை. ஒன்றின் மேல் ஒன்றாக, ஒரே உயரத்தில், நாலைந்து சிறு கோடுகள். ஓடிக்கொண்டே உரசிப் போகும் வண்டி ஒரு தடவைதான் கீறும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கீறுவது கீல் போட்டுத் தொங்கும் ஏதோ ஒன்று. எங்கள் கேற்றும் பச்சைதான். அதன் தாழ்ப்பாள் பிடியை அளந்தேன்: 43. கொளுவாமல் விட்ட கேற்றைக் கச்சான் காற்று இரவு முழுக்க ஆட்டியிருக்கிறது. அந்தத் தம்பி இப்போதும் பாண் கொண்டு வருகிறான். நான் கொஞ்ச நாள் மனைவியை அனுப்பித்தான் வாங்கினேன்.

வேறு எந்த உயரத்தில் என்ன இருக்கும்?

சைக்கிளில் கைபிடி நுனி பம்பருக்கு மேலே, பொனட் பக்கம்தான் வரும். பம்பரைத் தொடுவது பெடலும் சில்லின் நடு அச்சு நட்டும். பெரிய சில்லுச் சைக்கிளின் அச்சு ஏறத்தாழ 35 சென்ரிமீற்றரில் இருக்கும். சாய்த்து வைத்த சைக்கிள் சரிந்தால் கோடு வளைந்து கீழே இறங்கும், தொடக்கத்தில் ஒரு சிறு குழியும் இருக்கலாம். மோட்டார் சைக்கிளென்றால் கால்மிதி. மிதியின் ரப்பர் கறுப்பாகத் தேய்த்துவிட்டுப் போகும், பெரும்பாலும் பெயின்ட் போகாது. உழவு இயந்திரப் பெட்டியின் கொக்கியும் மூலை இரும்பும் கீறினால் ஆழமாக, பிளாஸ்ரிக் கிழியும் அளவுக்கு இருக்கும். பெரும்போக அறுவடை நாட்களில் படுவான்கரைப் பக்கமோ அம்பாறை, அக்கரைப்பற்று வீதியோரமோ காரை நிறுத்துபவர்கள் இதை நினைவில் வைத்திருங்கள். (யானையைப் பற்றிக் கேட்காதீர்கள். யானை என்றால் கீறல் இராது, பம்பரே இராது.)

திசை பார்ப்பதற்கு ஒரு வழி உண்டு. கோட்டின் நுனிகளை விரலால் மெதுவாகத் தடவினால் ஒரு பக்கம் பெயின்ட் சுருண்டு குவிந்திருக்கும். உரசிய பொருள் அந்தப் பக்கமாகத்தான் போயிருக்கிறது. முன் பம்பரில் அது கதவுப் பக்கம் பார்த்துக் குவிந்திருந்தால் ஒன்றில் நீங்கள் முன்னுக்குப் போகும்போது எதிலோ உரசியிருக்கிறீர்கள், அல்லது யாரோ முன்னாலிருந்து பின்னோக்கி உரசிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

நானே உரசிவிட்டுத் தெரியாமல் இருந்திருப்பேனா?

தாராளமாக. கோபிக்க வேண்டாம். நாங்கள் வலது பக்கம் இருந்து ஓட்டுகிறோம், முன் இடது மூலைதான் எங்கள் கண்ணுக்கு எட்டாத மூலை. சொந்தக் கைவண்ணம் அதிகம் விழுவதும் அங்கேதான். பிளாஸ்ரிக் பம்பர் நெளிந்து கொடுக்கும், சத்தம் பெரிதாக வராது, பாட்டுப் போட்டிருந்தால் அதுவும் இல்லை.

பம்பரின் அடிப்பக்கம் மட்டும் சிராய்ந்திருந்தால் விசாரணையே தேவையில்லை. கான் சிலாப், வீட்டு வாசல் ஏற்றம், வேகத்தடை. குனிந்து போனை அடியில் பிடித்து ஒரு படம் எடுத்தால் எல்லாம் தெரியும். நகரத்துக்குள் பழைய ஒழுங்கைகளில் கான் சிலாப் வீதியைவிட உயர்ந்து நிற்கும் இடங்கள் நிறைய. அதன் மேல் சாய்வாக ஏறுங்கள், நேரே ஏறாதீர்கள்.

மாடு, நாய், பூனை?

மூன்றும் உண்டு. நாய் நகம் மூன்று நாலு மெல்லிய கோடுகளாக, அருகருகே, மேலிருந்து கீழே விழும். பொனட்டுக்குள் பூனை ஏறியிருந்தால் நாய் பம்பரை விடாது. மாடு இரவில் காரோடு உரசிச் சொறிந்துகொள்ளும். அது கீறலைவிட மங்கலான தேய்ப்பாக, மயிரும் சேறும் ஒட்டி இருக்கும், கழுவினாலே பாதி போகும். தென்னைக்குக் கீழே நிறுத்துபவர்களுக்குச் சொல்ல எதுவும் இல்லை, அவர்களுக்கே தெரியும்.

கடைக் கமராவில் பார்க்கக் கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் அன்றைக்கே கேளுங்கள். பழைய பதிவு சில நாளில் தானாக அழிந்து அதன் மேல் புதியது பதிவாகும். கேட்கும் விதமும் இருக்கிறது. கார் நின்ற நேரத்தை முதலில் சரியாகக் கணக்குப் பண்ணிக்கொண்டு போங்கள்: பின்னேரம் நாலரையிலிருந்து ஐந்தேகால் என்று சொன்னால் கடைக்காரர் தேடித் தருவார், “நேற்று ஒருக்கா” என்றால் யார் தேடுவார்கள்? காத்தான்குடியில் ஒரு நானா எனக்காகக் கடையைப் பூட்டுகிற நேரத்தில் அரை மணித்தியாலம் இருந்து தேடித் தந்தார். கமராவில் தெரிந்தது என் காரின் பின்பக்கமும் ஒரு தூணும். போகட்டும், பிளேன்ரீ குடித்துவிட்டு வந்தேன்.

மாமாங்கத் தீர்த்தம் போன்ற கூட்ட நாட்களில் வெளியே நிறுத்தினீர்கள் என்றால் கமராவை மறந்துவிடுங்கள்.

கீறல் ஆழமா இல்லையா என்று எப்படித் தெரியும்?

இன்றைய கார்களின் பம்பர் வெளிப்பக்கம் பொலிபுரொப்பிலீன் வகைப் பிளாஸ்ரிக். அதன் மேல் அடிப்பூச்சு, அதற்கு மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற பளபளப்புப் பூச்சு. கராஜில் இதைக் ‘கிளியர்’ என்பார்கள். கிளியர் மட்டும் ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரோன், அதாவது ஒரு போட்டோகொப்பித் தாளின் பாதித் தடிப்பு. நாம் பொலிஷ் பண்ணி விளையாட இருக்கும் இடம் அவ்வளவுதான்.

கீறலில் தண்ணீர் ஊற்றுங்கள். ஈரமாக இருக்கும்போது மறைந்து, காய்ந்ததும் திரும்ப வந்தால் அது கிளியரில் மட்டும் இருக்கிறது. அடுத்து நகத்தைக் குறுக்கே மெதுவாக இழுங்கள். நகம் வழுக்கிப் போனால் பொலிஷில் போகும், கொளுவி நின்றால் போகாது. உள்ளே கறுப்போ சாம்பலோ தெரிந்தால் பிளாஸ்ரிக் வரை போய்விட்டது, பெயின்ட் அடிக்காமல் மறையாது.

வேறு வண்டியின் நிறம் ஒட்டியிருக்கிறது. என் பெயின்ட் போய்விட்டதா?

பல நேரம் இல்லை. பயங்கரமாகத் தெரியும் சிவப்புக் கோடு உங்கள் பெயின்டின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். சவர்க்காரத் தண்ணீரில் கழுவிக் காயவிட்டு, ஐசோபுரொப்பைல் அல்ககோல் நனைத்த மென்துணியால் துடையுங்கள். விடாததைக் கொம்பவுண்ட் (பொலிஷுக்கு முன் தேய்க்கும் உராய்வுப் பசை) எடுக்கும். தின்னரை நீங்கள் தொட வேண்டாம். பெயின்டர் தின்னரால் ஒரு தட்டுத் தட்டி எடுப்பதைப் பார்க்கச் சுலபமாக இருக்கும். அவருக்கு எப்போது கையை எடுப்பது என்று தெரியும். உங்களுக்கும் எனக்கும் தெரியாது, கிளியர் இளகி மங்கிவிடும்.

பற்பசை, தேங்காய் எண்ணெய் போட்டால் போகுமாமே?

பற்பசை ஒரு மெல்லிய உராய்வுப் பசைதான், மிக மெல்லிய கோட்டைக் கொஞ்சம் மங்கச் செய்யும், சுற்றியுள்ள பளபளப்பையும் சேர்த்து. தேங்காய் எண்ணெய் தண்ணீர் செய்ததையே செய்கிறது: கோட்டை நிரப்பி மறைக்கிறது, இரண்டு கழுவலில் கோடு திரும்ப வரும். காரை விற்க வருகிறவர் வாசலில் எண்ணெய் வாசம் வந்தால் புரிந்துகொள்ளுங்கள்.

டயருக்கும் டாஷ்போர்ட்டுக்கும் போடுகிற சிலிக்கோன் பொலிஷைக் கீறலில் பூசாதீர்கள். பிறகு பெயின்ட் அடிக்கும்போது அந்த இடத்தில் பெயின்ட் ஒட்டாமல் வட்ட வட்டமாக விலகும். பெயின்டர்கள் அதை மீன்கண் என்பார்கள். பாடும் மீன் ஊரில் மீன்கண்ணுக்குப் பஞ்சமில்லை என்று எங்கள் பெயின்டர் ஒருநாள் அலுத்துக்கொண்டார்.

வீட்டிலேயே பொலிஷ் செய்யலாமா?

நகம் கொளுவாத கீறல் என்றால் செய்யலாம். காலை வெயில் ஏறுமுன், நிழலில், பம்பர் தொட்டால் குளிர்ந்திருக்கும்போது. நன்றாகக் கழுவுங்கள், இது எங்கள் ஊருக்கு மிக முக்கியம். கல்லடி, பாசிக்குடா, நிந்தவூர் என்று கடற்கரைப் பக்கம் ஓடும் காரில் எப்போதும் பொடி மணல் இருக்கும். துணியில் ஒரு மணி மணல் அகப்பட்டால் ஒரு கீறலை எடுக்கப் போய் நாற்பதைப் போடுவீர்கள்.

மைக்ரோபைபர் துணியில் பட்டாணி அளவு கொம்பவுண்ட் எடுத்து, கீறலைத் தாண்டி ஒரு கை அகலம்வரை சமமாகத் தேயுங்கள். ஒரே புள்ளியில் அழுத்த வேண்டாம். அரை நிமிடம் தேய்த்துத் துடைத்துப் பாருங்கள், திரும்பத் தேயுங்கள். பம்பரின் வளைவு விளிம்பில் பூச்சு மெல்லியது, அங்கே கை லேசாக இருக்கட்டும். கடைசியில் மென் பொலிஷ், பிறகு மெழுகு. 2000, 3000 இலக்க உப்புத்தாளைத் தண்ணீரோடு போட்டுத் தேய்க்கும் வித்தை உண்டு. முதல் தடவையை உங்கள் சொந்தக் காரில் பழகாதீர்கள். மச்சானின் காரிலும் வேண்டாம்.

கறுப்புத் தெரிகிறது. துருப்பிடிக்குமா?

பிளாஸ்ரிக் துருப்பிடிக்காது. அவசரப்படத் தேவையில்லை. ஆனால் கோடு பம்பரைத் தாண்டி மட்கார்ட் தகரத்திலும் ஓடியிருந்தால் அதை உடனே மூட வேண்டும். இந்தக் கடற்காற்றில் திறந்த தகரம் நாள் கணக்கில் சிவக்கும்.

கீறலோடு நசுங்கியும் இருக்கிறது.

பெயின்ட் வெடிக்காமல் பள்ளம் மட்டும் என்றால் நல்ல சூடான தண்ணீரை அந்த இடத்தில் மெதுவாக ஊற்றி, பின்பக்கமிருந்து கையால் தள்ளிப் பாருங்கள். கையுறை போடுங்கள். பிளாஸ்ரிக் இளகித் தானாகக் குதித்து வரும். வந்தால் மகிழ்ச்சி. வராவிட்டால் பலம் காட்ட வேண்டாம், உள்ளே கிளிப்புகள் முறியும்.

பம்பருக்கும் மட்கார்ட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் கூடுதலாக வாய் பிளந்திருந்தால் அடி வெளித்தோலோடு நிற்கவில்லை. உள்ளே ஒரு நுரைப் பகுதியும் அதற்குப் பின்னால் குறுக்குச் சட்டமும் இருக்கின்றன. கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். சென்சர், ராடார் உள்ள புதிய கார்களில் அந்த இடங்களில் தடிப்பாகப் புட்டி (பள்ளம் நிரப்பும் பசை) அப்ப விடாதீர்கள், அவை குழம்பும்.

கராஜில் என்ன கேட்க வேண்டும்?

பம்பரைக் கழற்றி அடிப்பாரா, காரில் வைத்தே அடிப்பாரா? கழற்றுவது நல்லது. பிளாஸ்ரிக்குக்குரிய அடிப்பூச்சுப் போடுவாரா? போடாவிட்டால் ஆறு மாதத்தில் தோல் உரிவது போல உரியும். நிறத்தைக் கண்ணால் கலக்கிறாரா, குறியீட்டைப் பார்த்தா? குறியீடு கதவுத் தூணிலோ பொனட்டுக்குள்ளோ ஒட்டிய சிறு தகட்டில் இருக்கும். வெள்ளைதானே என்று நினைக்காதீர்கள். டொயோட்டாவில் 040 சாதா வெள்ளை, 070 முத்து வெள்ளை. 070 மூன்று கட்டமாக அடிக்க வேண்டிய நிறம். அதை ஒட்டுப் போட்டால் நிழலில் ஒன்றாகவும் வெயிலில் வேறாகவும் தெரியும். வெள்ளி, முத்து நிறங்களுக்கு முழுப் பம்பரையும் அடிப்பதே புத்தி. காரைத் திரும்ப எடுக்கும்போது மாலை ஆறு மணிக்கு எடுக்காதீர்கள், பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

காலமும் பாருங்கள். மாரியில் காற்றின் ஈரத்தால் பூச்சு வெளிறிப் புகை படர்ந்தது போல வரும். கச்சான் அடிக்கும் மாதங்களில் திறந்த கொட்டகையில் அடித்தால் தூசி ஒட்டும். மூடிய அறை வைத்திருக்கும் கராஜ் என்றால் இந்தக் கவலை இல்லை. எங்களில் பலர் போவது கொட்டகைக்குத்தான் என்பதால் சொல்கிறேன்.

பம்பரையே மாற்றினால்?

பெரிய வெடிப்பு, பிடிகள் முறிவு என்றால் மட்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து இருக்கிற காரைக் காப்பாற்றி ஓட்டப் பழகிவிட்டோம். 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கு மீண்டும் திறந்த பிறகும் எனக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. கொழும்பு பஞ்சிகாவத்தையில் உங்கள் நிறக் குறியீட்டிலேயே கழற்றிய பம்பர் கிடைத்தால் பெயின்ட் செலவு மிஞ்சும். கீழ்ப் பிடிகளும் கிளிப்பு ஓட்டைகளும் முழுதாக இருக்கின்றனவா என்று படம் அனுப்பச் சொல்லிவிட்டுப் பணம் போடுங்கள்.

காப்புறுதியில் எடுக்கலாமா?

மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் என்றால் முடியாது. அது உங்களால் பிறருக்கு வரும் சேதத்துக்கு. முழுக் காப்புறுதி இருந்தால் எடுக்கலாம், எடுக்க வேண்டுமா என்பது வேறு கணக்கு. நீங்கள் ஏற்க வேண்டிய முதல் தொகை எவ்வளவு, நோ கிளைம் போனஸில் (காப்புறுதியில் எதுவும் கேட்காமல் இருந்ததற்குக் கிடைக்கும் கழிவு) எவ்வளவு போகும், இரண்டையும் கூட்டுங்கள். பெயின்டர் கேட்கும் காசைவிட அது கூடுதல் என்றால் சத்தமில்லாமல் கையிலிருந்து கொடுங்கள். ஒரு கோட்டுக்கு அநேகமாக அப்படித்தான் வரும்.

எடுப்பதென்றால் கண்ட இடத்திலிருந்தே, காரை நகர்த்த முன் அழையுங்கள். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்: “நிறுத்தியிருந்தேன், வந்து பார்த்தேன், இருந்தது.” கதை கட்டினால் மதிப்பீடு செய்ய வருபவர் இதே உயரக் கணக்கை உங்களைவிட நன்றாகப் பார்ப்பார். நாலு பழைய கீறலை ஒரே சம்பவத்தில் சேர்க்கும் ஆசையும் வேண்டாம்.

பொலிசுக்குப் போக வேண்டுமா?

வெறும் கோட்டுக்கு நான் போகமாட்டேன். வேண்டுமென்றே ஆணியால் கீறியது போல் இருந்தால், அதாவது கதவு, பொனட் எல்லாவற்றிலும் ஓடினால், அல்லது இடித்த வண்டியின் இலக்கம் கிடைத்தால், முறைப்பாடு போடுங்கள். காப்புறுதிக்காரர் கேட்டாலும் அந்தப் பிரதி தேவைப்படும்.

பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சைக்கிள்தான். அளந்தும் பார்த்துவிட்டேன். எப்படிக் கேட்பது?

பிள்ளையிடம் கேட்காதீர்கள். தகப்பனிடம் வாசலில் நின்று சத்தமாகவும் கேட்காதீர்கள். பின்னேரம் போய், “தம்பி, புள்ளைட சைக்கிள் என்ட காரில சாஞ்சுபோச்சு போல, ஒருக்கா வந்து பாருங்களன்” என்று கூட்டி வந்து காட்டுங்கள். காசு கேட்பதா என்பது உங்கள் இஷ்டம். என் மூன்றாவது கீறல் இதுதான். தகப்பன் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோ இறால் வந்தது.

இனி வராமல் என்ன செய்யலாம்?

இடது மூலையைச் சுவரோரம் கொடுத்து நிறுத்துங்கள், வாகனம் நின்றபோதும் பதிவுசெய்யும் டாஷ் கமரா வாங்கலாம், மாதம் ஒரு தடவை நாலு மூலையையும் படம் எடுத்து வையுங்கள். பிறகு எந்தக் கீறல் எப்போது வந்தது என்று மனைவியோடு வாதாடத் தேவையில்லை. நான் கேற் தாழ்ப்பாள் பிடிக்குப் பழைய சைக்கிள் டியூப்பைச் சுற்றிக் கம்பியால் கட்டியிருக்கிறேன். பஞ்சர் கடையில் சும்மா தந்தார்கள்.